கிரைண்டர் கண்டுபிடித்தவருக்கு நினைவுச்சின்னம் வைக்க ஆசை. பணம் எப்படித் திரட்டுவது?

கணபதி பட்டறை:

வணக்கம்ங்க. கோயம்புத்தூர் கணபதியில் இருபத்தாறு வருடம் கிரைண்டர் பட்டறை வைத்திருந்தேன். முழங்கால் ஒத்துழைக்காததால் போன வருடம் மூடிவிட்டேன். லேத்து ஒன்று மட்டும் விற்காமல் கிடக்கிறது. வீட்டம்மா தினமும் அதைப் பார்த்து முணுமுணுக்கிறார்.

போன மாதம் பேத்திக்குப் பள்ளிக்கூடத்தில் ‘எங்கள் ஊர் கண்டுபிடிப்பாளர்’ என்று ஒரு பக்கம் எழுதி வரச் சொன்னார்கள். வகுப்பு முழுக்க ஜி.டி. நாயுடுதானாம். அதில் தப்பில்லை. 1937-லேயே இங்கே மோட்டார் செய்து காட்டியவர், அவினாசி ரோட்டில் பத்து கிலோமீட்டர் மேம்பாலமே அவர் பெயரில் நிற்கிறது. நான் பேத்தியிடம், “சபாபதின்னு எழுது, 1955-ல நம்ம ஊர்லதான் அவர் முதல் வெட் கிரைண்டர் செஞ்சார்” என்றேன். “போட்டோ இருக்கா தாத்தா?” என்று கேட்டாள். என்னிடம் இல்லை. அவள் நாயுடுவைப் பற்றியே எழுதிக்கொண்டு போனாள்.

இருபத்தாறு வருடம் அந்த மனிதர் போட்ட சோற்றைத் தின்றிருக்கிறேன், அவர் முகம் எனக்குத் தெரியாது. அன்று ராத்திரி இது உறுத்திக்கொண்டே இருந்தது.

ஆட்டுக்கல்லில் கல் நிற்கும், குழவி சுற்றும். கிரைண்டரில் டிரம்மோடு கல் சுற்றும், குழவி நின்ற இடத்திலேயே உருளும். இப்போது சொன்னால் சின்ன விஷயம். எங்கள் அம்மாவைப் பார்த்திருந்தால் அப்படிச் சொல்லமாட்டீர்கள். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் விளக்கை ஆட்டுக்கல் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காருவார். வலது கை குழவியைச் சுற்றும், இடது கை மாவைத் தள்ளிவிடும். உளுந்து பொங்கி வர முக்கால் மணி நேரம், அதற்குப் பிறகுதான் அரிசி. வீட்டுக்குக் கிரைண்டர் வந்த முதல் நாள், அது ஓடி முடியும்வரை மணையைப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஏன் என்று கேட்டதற்கு, “கை சும்மா இருக்குதே, என்ன பண்றதுன்னு தெரியல” என்றார்.

சரி, கேள்விக்கு வருகிறேன். பழைய பட்டறைக்காரர்கள் குழுவில் இதைப் போட்டேன். நாற்பத்தொரு பேர் கைதட்டினார்கள். பணம் என்றதும் ஒன்பது பேர். காரணம் இருக்கிறது. எங்கள் பகுதியில் முன்பு ஒரு சிலைக்கு வசூல் நடந்தது. ரசீதுப் புத்தகம் அடித்தார்கள், பீடமும் கட்டினார்கள், அதோடு சரி. கணக்கும் வரவில்லை, சிலையும் வரவில்லை. காலையில் அந்தப் பீடத்தின் மேல் பால் பெட்டி இறக்குகிறார்கள்.

சிலை வைப்பதா, வேறு ஏதாவதா? எங்கே வைப்பது? ஜனங்கள் நம்பிக் கொடுக்கிற மாதிரி எப்படி வசூலிப்பது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

ஃபைல் பார்த்த கண்:

அண்ணா, முதலில் இடம். நாற்சந்தி, நடைபாதை எல்லாவற்றையும் மறந்துவிடுங்கள். பொதுச் சாலையிலும் நடைபாதையிலும் சிலை வைக்க அனுமதி தரக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013 ஜனவரியிலேயே மாநிலங்களுக்கு உத்தரவு போட்டுவிட்டது. மனு கொடுத்துவிட்டு வருடக்கணக்கில் நடப்பீர்கள், முழங்கால் இன்னும் கெடும். தொழிற்கூடமோ கல்லூரியோ தங்கள் வளாகத்துக்குள் இடம் கொடுத்தால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும். அதையும் வாய்வார்த்தையாக விடாமல் எழுத்தில் வாங்குங்கள்.

அடுத்தது வசூல். உங்கள் சொந்தக் கணக்கில் ஒரு ரூபாய்கூட வாங்காதீர்கள். ஏழு பேர் சேர்ந்தால் சங்கமாகப் பதிவு செய்யலாம். வங்கிக் கணக்கில் இரண்டு பேர் கையெழுத்து இருக்கட்டும், அதில் ஒருவர் உங்களோடு அடிக்கடி சண்டை போடுகிறவராக இருப்பது நல்லது. நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அவருடைய குடும்பத்தைப் பார்த்தீர்களா? அவர்களைக் கேட்காமல் எதையும் தொடங்காதீர்கள்.

---

போல்டன் சேகர்:

நான் இங்கிலாந்தில் போல்டனில் இருக்கிறேன், சொந்த ஊர் பல்லடம். உங்கள் பதிவைப் படித்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு நெல்சன் சதுக்கம் வரைக்கும் போய்வந்தேன். அங்கே சாமுவேல் கிராம்ப்டன் உட்கார்ந்திருக்கிறார். மில் குடும்பத்துக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் பெயர் தெரிந்திருக்கும். 1779-இல் ‘மியூல்’ என்ற நூற்பு எந்திரத்தைச் செய்தவர்.

அவர் கதையைக் கேளுங்கள். காப்புரிமை வாங்கவில்லை, வாங்க வசதியும் இல்லை. நூல் இவ்வளவு சன்னமாக எப்படி வருகிறது என்று ஊரே அவர் வீட்டை எட்டிப் பார்த்தது. கடைசியில், எந்திரத்தைக் காட்டு, ஆளுக்குக் கொஞ்சம் தருகிறோம் என்று முதலாளிகள் பட்டியல் போட்டுக் கையெழுத்திட்டார்கள். காட்டினார். கைக்கு வந்தது சுமார் 60 பவுண்டு. எழுதிக் கொடுத்த சிலர் அதையும் தரவில்லை. 1811-இல் ஊர் ஊராகப் போய் அவரே எண்ணிப் பார்த்தபோது 46 லட்சம் நூற்புக் கதிர்கள் (ஸ்பிண்டில்) அவருடைய முறையில் ஓடிக்கொண்டிருந்தன. அந்தக் கணக்கைக் கொண்டுபோய்க் காட்டிய பிறகு நாடாளுமன்றம் 5,000 பவுண்டு கொடுத்தது. அதைப் போட்டுச் செய்த தொழிலும் நொடித்து, 1827-இல் வறுமையில் இறந்தார்.

சிலை வந்தது 1862-இல். கில்பர்ட் பிரெஞ்ச் என்ற உள்ளூர்க்காரர், தொழிலாளர்கள் கூடும் இடத்தில் கிராம்ப்டனைப் பற்றிச் சொற்பொழிவுகள் செய்தார், 1859-இல் வரலாற்றைப் புத்தகமாகவும் போட்டார். வசூல் சூடு பிடித்தது அதனால்தான். பணம் போட்டவர்களில் மில் தொழிலாளர்கள் நிறையப் பேர். உங்கள் நாற்பத்தொரு பேருக்கும் முதலில் கதை தெரியவேண்டும். 1955-இல் அந்தப் பட்டறை எப்படி இருந்தது, முதல் எந்திரம் யார் வீட்டுக்குப் போனது, இதெல்லாம் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே எழுதி வாங்குங்கள். ரசீதுப் புத்தகம் அப்புறம் அடிக்கலாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். திறப்பு விழா நடந்த வருடம் அமெரிக்க உள்நாட்டுப் போரால் பஞ்சு வராமல் இந்தப் பக்கத்து மில்களெல்லாம் முடங்கிக் கிடந்தன. கிராம்ப்டனின் மகன் ஜானுக்கு அப்போது 72 வயது, சாப்பாட்டுக்கே கஷ்டம். அப்பாவுக்கு ஊர் கூடி வெண்கலச் சிலை வைக்கிறது, பிள்ளைக்கு அரசாங்கம் 50 பவுண்டு கொடுத்து அனுப்புகிறது. மேலே ‘ஃபைல் பார்த்த கண்’ அக்கா குடும்பத்தைப் பார்க்கச் சொன்னது அதனால்தான் சரி என்கிறேன்.

சிலையின் பீடத்தில் அவர் எந்திரத்தோடு வேலை செய்கிற காட்சி ஒன்று வார்த்திருக்கிறது. எனக்கு மேலே இருக்கிற முகத்தைவிட அதுதான் பிடிக்கும்.

---

பெல்ட் அறுந்தவன்:

எல்லாம் சரி, ஒரு ஆளுக்கு மட்டும் ஏன்? முதல் கிரைண்டரை இன்று யார் வீட்டிலாவது தூக்கி வைக்க முடியுமா? சாய்த்து மாவை எடுக்கிற டில்டிங், அப்புறம் டேபிள் டாப், பக்கத்தில் தேங்காய் துருவி என்று ஒவ்வொன்றையும் யாரோ ஒரு பட்டறைக்காரன் யோசித்திருக்கிறான். 2005-06-இல் புவிசார் குறியீடு கொடுத்தபோதுகூட ‘கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்’ என்று ஊர் பெயரில்தானே கொடுத்தார்கள்?

---

ஊத்துக்குளி கல்:

நாங்கள் மூன்று தலைமுறையாகக் கல் வேலை. கிரைண்டருக்குக் கல் எங்கள் பக்கத்திலிருந்துதான் போகிறது, அது உங்களுக்கே தெரியும். முகம் தெரியாதவருக்கு ஊகத்தில் முகம் செதுக்கச் சொல்லாதீர்கள். பாதிச் சிலைகளுக்குக் கண்ணாடியும் மீசையும் வைத்துத்தான் ஆள் யாரென்று சொல்லவேண்டியிருக்கிறது. பெரிய குழவி ஒன்று, கீழே உட்கல், அவ்வளவுதான். மூன்றடி உயரத்துக்கு நான் அடித்துத் தருகிறேன். கல்லுக்கும் வண்டி வாடகைக்கும் கொடுங்கள், கூலி வேண்டாம். ஆனால் பளபளவென்று பாலீஷ் போடச் சொன்னால் வரமாட்டேன். கிரைண்டர் கல் கொத்தினபடி சொரசொரப்பாக இருக்கவேண்டும், வழவழப்பான கல்லில் உளுந்து வழுக்கிக்கொண்டு ஓடும்.

---

கணபதி பட்டறை:

எல்லோருக்கும் நன்றிங்க.

பெல்ட் தம்பி கேட்டது நியாயம்தான். டில்டிங் ஸ்டாண்டுக்கு நானே நாலு தடவை மாற்றி மாற்றிப் பின் போட்டுப் பார்த்தவன். ஆனால் முதலில் ஒருத்தர் செய்து காட்டியதால்தானே மற்றவர்களுக்கு மாற்றுவதற்கு ஒன்று இருந்தது? பெயர்ப் பலகையில் மேலே சபாபதி, 1955. கீழே ‘கோவைப் பட்டறைக்காரர்கள்’ என்று ஒரு வரி. இதற்கு ஒத்துக்கொண்டால் ஐந்நூறு ரூபாய் அனுப்பி வையுங்கள், கணக்கு திறந்த பிறகு.

வசூலை இப்போதைக்கு நிறுத்திவிட்டேன். ஒன்பது பேர் பணத்தையும் நேற்றே திருப்பி அனுப்பினேன். அதில் இரண்டு பேர் “ஏன் திருப்பினீங்க?” என்று கோபப்பட்டார்கள். ஏழு பேரில் அவர்களையும் சேர்த்துக்கொள்ளப் போகிறேன். குடும்பத்தார் எங்கே இருக்கிறார்கள் என்று பழைய உதிரிபாகக் கடைக்காரர் ஒருவர் மூலம் விசாரிக்கிறேன். ஒருவேளை போட்டோவும் கிடைக்கலாம். ஞாயிற்றுக்கிழமை எண்பது தாண்டிய ஒரு மெக்கானிக்கைப் பார்க்கப் போகிறேன். பேத்தி செல்போனில் பதிவு செய்கிறேன் என்று கூட வருகிறாள்.

ஊத்துக்குளிக்காரரே, பாலீஷ் வேண்டாம். ஆனால் ஒன்று கேட்கிறேன். குழவி சும்மா நிற்காமல், குழந்தைகள் கையால் தள்ளினால் கீழே உள்ள உட்கல் சுற்றுகிற மாதிரி வைக்க முடியுமா? அதற்கு அடியில் நல்ல கனத்தில் ஷாஃப்டும் பேரிங்கும் வேண்டும். ஷாஃப்டை நான் கடைந்து தருகிறேன். அப்படியென்றால் லேத்தை இப்போதைக்கு விற்க முடியாது. வீட்டம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.