கூகுள் மீட்டில் அக்கவுண்ட்ஸ் இன்டர்வியூ, எக்ஸல் டெஸ்டும் உண்டு: பழைய லேப்டாப், போன் நெட் போதுமா?

போடி பையன்

வணக்கம். கோயம்புத்தூரில் ஒரு நூற்பாலையில் அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட் வேலைக்கு வியாழக்கிழமை காலை 11 மணிக்கு கூகுள் மீட்டில் இன்டர்வியூ. 40 நிமிடம் ஆகும், எக்ஸலில் சின்ன டெஸ்ட் இருக்கும், ஸ்கிரீன் ஷேர் செய்ய வேண்டும் என்று மெயிலில் போட்டிருக்கிறார்கள்.

கையில் இருப்பது 4 ஜிபி ராம் உள்ள விண்டோஸ் 10 லேப்டாப். பேட்டரி முக்கால் மணி நேரம் நிற்கும். வைஃபை கிடையாது, போன் ஹாட்ஸ்பாட்தான், தினம் 1.5 ஜிபி பேக். வீடு தெருவை ஒட்டியது, இரண்டே அறை. போனிலேயே சேர்ந்துகொள்ளலாமா? புளூடூத் ஹெட்செட் வாங்க வேண்டுமா? டெஸ்டில் என்ன கேட்பார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நெட் மேசை

போன் வேண்டாம் தம்பி. எக்ஸலை ஷேர் செய்யச் சொல்கிறார்கள் என்றால் லேப்டாப்தான். நீங்கள் சொன்ன லேப்டாப் போதும், ஆனால் அதற்கு வேறு வேலை எதுவும் கொடுக்கக் கூடாது. அன்று காலை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். குரோமில் மீட் டேப் ஒன்று மட்டும், பக்கத்தில் எக்ஸல், அவ்வளவுதான். மீட்டில் பின்னணியை மங்கலாக்கும் வசதியைத் தொடாதீர்கள். பழைய ப்ராசஸரை மூச்சுத் திணற வைப்பதே அதுதான். படம் உறையும், குரல் துண்டு துண்டாகப் போகும். செட்டிங்ஸில் வீடியோ பகுதிக்குப் போய், அனுப்பும் ரெசல்யூஷனை 360பி ஆக்குங்கள். எதிர்ப்பக்கம் உங்கள் முகம் நன்றாகவே தெரியும்.

ஹாட்ஸ்பாட்டுக்குப் பதில் யூஎஸ்பி டெதரிங். போனை கேபிளில் லேப்டாப்போடு இணைத்து, போன் செட்டிங்ஸில் ஹாட்ஸ்பாட், டெதரிங் உள்ள இடத்தில் 'யூஎஸ்பி டெதரிங்' ஆன் செய்ய வேண்டும். அந்த வரி மங்கிக் கிடந்தால் கேபிள் சார்ஜ் மட்டும் ஏற்றும் வகை என்று சந்தேகப்படுங்கள், டேட்டா கேபிள் போட்டுப் பாருங்கள். அக்கம்பக்கத்து வைஃபை சிக்னல்களோடு மோதல் இருக்காது, போனும் சார்ஜ் ஆகிக்கொண்டே இருக்கும். விண்டோஸ் இந்த இணைப்பை ஈதர்நெட் என்று காட்டும். அதைத் திறந்து 'மீட்டர்டு கனெக்‌ஷன்' ஆன் செய்துவிடுங்கள். இல்லையென்றால் பேசிக்கொண்டிருக்கும்போது பின்னால் அப்டேட் இறங்கி டேட்டாவைத் தின்றுவிடும்.

தினசரி பேக்கில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரு மணி நேர வீடியோவுக்கு ஒரு ஜிபிக்கு மேலேயே போகலாம். அன்றைய 1.5 ஜிபி தீர்ந்தால் வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு விழும். அதில் குரல்கூட ஒழுங்காகப் போகாது. நள்ளிரவுக்குப் பிறகு இன்டர்வியூ முடியும்வரை அந்த சிம்மில் ஒரு ரீல்ஸ்கூடப் பார்க்காதீர்கள். ஒரு டேட்டா ஆட்-ஆனும் போட்டு வையுங்கள்.

அடுத்தது அழைப்புகள். இரண்டு சிம் போட்ட போன்கள் பலவற்றில் மற்ற சிம்முக்கு அழைப்பு வந்து எடுத்தால் டேட்டா நின்றுவிடும். வோல்ட்டி (4ஜி வழியாகவே அழைப்பு பேசும் வசதி) இல்லாத சிம் என்றால் அதே சிம் அழைப்புக்கும் நிற்கும். டெதரிங் போனில் மற்ற சிம்மை அணைத்துவிடுங்கள். கம்பெனிக்குக் கொடுத்த நம்பர் வேறொரு போனில், சைலன்ட்டில், கண்ணில் படும் இடத்தில் இருக்கட்டும். லைன் அறுந்தால் எச்ஆர் அந்த நம்பருக்குத்தான் அழைப்பார்.

ஸ்பீடு டெஸ்ட் இரவு 10 மணிக்குச் செய்து பயனில்லை. புதன்கிழமை காலை 11 மணிக்கு, அதே நாற்காலியில் உட்கார்ந்து செய்யுங்கள். அப்லோடு எண்ணைப் பாருங்கள். 2 எம்பிபிஎஸ்ஸுக்குக் குறையாமல் நின்றால் போதும். குறைந்தால் போனை ஜன்னல் விளிம்புக்கு நகர்த்திப் பாருங்கள், ஓரடி தள்ளி வைத்தாலே எண் மாறும்.

மைக் ராஜ்

புளூடூத் வேண்டாம். பாட்டு கேட்க அது நன்றாக இருக்கும். ஆனால் மைக் ஆன் ஆனதும் பெரும்பாலான ஹெட்செட்கள் அழைப்பு முறைக்கு மாறி, குரல் பழைய லேண்ட்லைன் மாதிரி ஆகிவிடும். மைக் உள்ள 3.5 மிமீ வயர் இயர்போன் போதும். லேப்டாப்பில் ஒரே துளை, பக்கத்தில் ஹெட்செட் படம் இருந்தால் நேராகச் செருகலாம். மைக்குக்கும் ஸ்பீக்கருக்கும் தனித்தனித் துளை என்றால் இடையில் ஒரு ஸ்ப்ளிட்டர் வேண்டும். அது இல்லாமல் செருகினால் உங்களுக்குக் கேட்கும், அவர்களுக்கு இயர்போன் மைக் வேலை செய்யாது. மீட்டில் ஆடியோ செட்டிங்ஸில் எந்த மைக் தேர்வாகியிருக்கிறது என்றும் பாருங்கள்.

வயரில் தொங்கும் மைக் சட்டைக் காலரில் உரசினால், எதிரில் இருப்பவர் காதில் கரகரவென்று கேட்கும். காலருக்கு ஒரு சாண் கீழே, துணியில் படாமல் கிளிப்போ ஊக்கோ குத்துங்கள். சீலிங் ஃபேன் ஐந்தில் ஓடினால் ரெகுலேட்டரை இரண்டில் வையுங்கள். டேபிள் ஃபேன் காற்று மைக்கில் நேராக அடிக்கவே கூடாது. துணி, மெத்தை உள்ள அறையில் எதிரொலி குறையும், ஆகவே வெறும் சுவர் உள்ள முன்னறையை விட பீரோ இருக்கும் உள்ளறை மேல். 11 மணி சமையல் நேரம். குக்கர் விசிலை 10.30-க்குள் முடிக்கச் சொல்லி வையுங்கள்.

முகத்துக்கு ஜன்னல் வெளிச்சம் எதிரிலிருந்து வர வேண்டும். முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் முகம் கறுப்பு உருவமாகத்தான் தெரியும். கேமராவைக் கண் மட்டத்துக்கு உயர்த்தச் சொல்லி எல்லோரும் புத்தகம் அடுக்கச் சொல்வார்கள். உங்களுக்கு அதில் ஒரு சிக்கல் உண்டு: அந்த உயரத்தில் எக்ஸலில் டைப் அடிக்க முடியாது, தோள் தூக்கிக்கொள்ளும். யாரிடமாவது யூஎஸ்பி கீபோர்டும் மவுஸும் கேட்டு வாங்க முடிந்தால் லேப்டாப்பை உயர்த்துங்கள். முடியாவிட்டால் நான்கு விரல் உயரம் மட்டும் தூக்கி, திரையைச் சற்றுச் சாய்த்து, நீங்கள் கொஞ்சம் பின்தள்ளி உட்காருங்கள்.

கரண்ட் கவலை

வியாழன் உங்கள் ஊருக்கு மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளா என்று இன்றே பாருங்கள். பெரும்பாலும் காலை 9-க்கு ஆரம்பித்து மதியம்வரை போகும்; அறிவிப்பு பேப்பரில் முன்கூட்டியே வரும். சந்தேகம் என்றால் மின்வாரியத்தின் சேவை மையமான மின்னகம் 94987 94987-இல் கேட்கலாம். மின்தடை உண்டு என்றால் உங்கள் பேட்டரியை நம்ப முடியாது. இன்வெர்ட்டர் உள்ள சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விடுங்கள், ஆனால் அங்கேயும் முன்கூட்டியே ஒருமுறை நெட் பார்த்துவிட்டு.

இன்னொன்று. வேறு நிறுவன சிம் உள்ள இரண்டாவது போனில் மீட் ஆப் போட்டு, அதே மெயிலில் லாகின் செய்து, லிங்க் திறக்கும் நிலையில் வையுங்கள். தேவைப்படாமல் உள்ளே நுழையாதீர்கள். இரண்டு மைக் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஊளை கேட்கும். ஒரு வரியை இப்போதே டைப் செய்து டிராஃப்டில் வையுங்கள்: "இணைப்பு துண்டிக்கப்பட்டது, இரண்டு நிமிடத்தில் மீண்டும் சேர்கிறேன், முடியாவிட்டால் இந்த எண்ணில் அழைக்கலாம்." அறுந்தவுடன் பதற்றத்தில் வாக்கியம் அமைக்க வராது.

போடி பையன்

மிக்க நன்றி. யூஎஸ்பி டெதரிங் இப்போதே போட்டுப் பார்த்தேன், இரண்டாவது கேபிளில் வேலை செய்கிறது. எக்ஸல் டெஸ்ட் பற்றி யாராவது?

ஆடிட் அக்கா

அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட் வேலைக்கு அதிகம் கொடுப்பது பொருத்திப் பார்க்கும் வேலைதான்: பர்ச்சேஸ் ரிஜிஸ்டருக்கும் ஜிஎஸ்டிஆர்-2பிக்கும் (சப்ளையர்கள் ஏற்றிய பில்களை வைத்து ஜிஎஸ்டி போர்ட்டல் தரும் பட்டியல்), அல்லது பேங்க் புக்குக்கும் ஸ்டேட்மென்ட்டுக்கும். விலுக்கப் (VLOOKUP, தேடி எடுக்க), சம்இஃப் (SUMIF, நிபந்தனையோடு கூட்ட), பிவட் டேபிள் (தொகுத்துக் காட்ட) மூன்றும் கையில் ஓட வேண்டும்.

விலுக்கப் போட்டதும் வரிசையாக என்ஏ எர்ரர் (#N/A, தேடியது கிடைக்கவில்லை) வந்தால் பதறாதீர்கள். பல டெஸ்ட் ஷீட்களில் அதை வேண்டுமென்றே வைத்திருப்பார்கள். ஒரு பக்கம் பில் நம்பர் எண்ணாகவும் மறுபக்கம் டெக்ஸ்ட்டாகவும் இருக்கும்; டெக்ஸ்ட்டாக உள்ள கட்டத்தின் மூலையில் பச்சை முக்கோணம் தெரியும். அல்லது பெயருக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஸ்பேஸ், அதை நீக்க டிரிம் (TRIM). ஜிஎஸ்டி நம்பருக்கு 15 எழுத்து, எழுத்துகளை எண்ணும் லென் (LEN) போட்டால் 16 என்று காட்டும் வரிசையில்தான் கோளாறு. தமிழ்நாட்டு சப்ளையர் என்றால் 33-இல் தொடங்க வேண்டும் என்பதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். விலுக்கப்பின் அடைப்புக்குள் கடைசி ஆர்க்யுமென்ட்டில் பூஜ்யம் போட மறக்காதீர்கள். விட்டுவிட்டால் எர்ரர் வராமலே பக்கத்து சப்ளையரின் தொகை வந்து உட்காரலாம், அது எர்ரரை விட மோசம். பில் நம்பரை மட்டும் வைத்துத் தேடினால் இரண்டு சப்ளையருக்கு ஒரே நம்பர் இருக்கும்போது தப்பும்; ஜிஎஸ்டி நம்பரையும் பில் நம்பரையும் சேர்த்து ஒரு தனி நெடுவரிசை (column) உண்டாக்கி அதை வைத்துத் தேடுங்கள்.

ஷேர் செய்யும்போது ஒரு நுணுக்கம். 'விண்டோ' என்று தேர்ந்தால் அந்த ஒரு ஃபைல் மட்டுமே அவர்களுக்குத் தெரியும். எக்ஸல் 2013 முதல் ஒவ்வொரு ஃபைலும் தனி விண்டோ. நீங்கள் இரண்டாவது ஃபைலுக்குத் தாவினாலும் அவர்கள் முதல் ஃபைலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். இரண்டு ஃபைல் கொடுத்தால் முழுத் திரையை ஷேர் செய்யுங்கள். அதற்கு முன் வாட்ஸ்அப்பை மூடி, விண்டோஸ் 10-இல் ஃபோகஸ் அசிஸ்ட் (அறிவிப்புகள் திரையில் வராமல் தடுப்பது) ஆன் செய்துவிடுங்கள். ஷீட்டை 130 சதவீதம் பெரிதாக்குங்கள், அங்கே ஒருவர் போனில் பார்த்துக்கொண்டிருக்கலாம். மவுஸை நகர்த்தும்போதே "இந்த நெடுவரிசையில் ஸ்பேஸ் இருக்கிறதா என்று பார்க்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே செய்யுங்கள். ஒரு நிமிடம் மௌனமாகத் திரையை மட்டும் பார்ப்பவருக்கு, நீங்கள் யோசிக்கிறீர்களா, தெரியாமல் நிற்கிறீர்களா என்று புரியாது. கணக்கு முடியாமல் போனாலும் வழி சரியாக இருந்தால் மதிப்பெண் உண்டு.

வாய்மொழியில் தேதிகள் கேட்பார்கள். மாதாமாதம் தாக்கல் செய்பவருக்கு ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரம்) அடுத்த மாதம் 11, ஜிஎஸ்டிஆர்-3பி (வரி கட்டும் சுருக்கத் தாக்கல்) 20. 2பி 14-ஆம் தேதி உருவாகும். ஏன் 14 என்றால், சப்ளையர்கள் 11-க்குள்ளும், காலாண்டுக்கு ஒருமுறை தாக்கல் செய்பவர்கள் 13-க்குள்ளும் ஏற்றியது எல்லாம் சேர வேண்டும். தேதியை மட்டும் ஒப்பிக்காமல் இந்தக் காரணத்தையும் சேர்த்துச் சொன்னால் அடுத்த கேள்வி சுலபமாக வரும். டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடிக்கும் வருமான வரி) பிடித்தால் அடுத்த மாதம் 7-க்குள் கட்ட வேண்டும், மார்ச் மாதத்துக்கு மட்டும் ஏப்ரல் 30.

தெரியாத கேள்விக்குப் பக்கத்துத் திரையில் தேடாதீர்கள். கண் இடமிருந்து வலம் ஓடுவது கேமராவில் அப்படியே தெரியும். "இதைச் செய்ததில்லை, போர்ட்டலில் இந்த இடத்தில் பார்ப்பேன்" என்பது ஏற்றுக்கொள்ளப்படும் பதில்.

மைக் ராஜ்

கடைசியில் ஒன்று, தம்பி. நன்றி சொன்னதும் முதலில் பிரசென்ட் செய்வதை நிறுத்துங்கள், பிறகு சிவப்புப் பட்டனை அழுத்துங்கள். டேப் மூடியதா, கேமரா பக்கத்து விளக்கு அணைந்ததா என்று பார்த்த பிறகே வீட்டில் உள்ளவர்களிடம் எப்படிப் போனது என்று சொல்லுங்கள்.