ஆன, ஆக, அப்புறம் ஒரு 'லி'

கவின்: சித்தி, நாளைக்கு இங்கிலீஷ் டெஸ்ட். நவுன், அட்ஜெக்டிவ், அட்வெர்ப் மூன்றும் குழம்புகிறது.

சித்தி: முதலில் தமிழில் யோசி. அழகு நவுன், அழகான அட்ஜெக்டிவ், அழகாக அட்வெர்ப். அதுதான் பியூட்டி, பியூட்டிஃபுல், பியூட்டிஃபுல்லி. 'ஆன' என்று முடிவது பெயரோடு ஒட்டும், 'ஆக' என்று முடிவது வினையோடு ஒட்டும்.

மாமா: எதற்கு இவ்வளவு? 'லி' என்று முடிந்தால் அட்வெர்ப். எங்கள் காலத்தில் இந்த ஒரு வரிதான்.

சித்தி: அண்ணா, அதை நம்பித்தான் போன டெஸ்டில் மார்க்கை விட்டான். ஃப்ரெண்ட்லி, லோன்லி எல்லாம் அட்ஜெக்டிவ்.

கவின்: ஃபாஸ்ட்?

சித்தி: 'எ ஃபாஸ்ட் கார்' அட்ஜெக்டிவ். 'ஹி ரன்ஸ் ஃபாஸ்ட்' அட்வெர்ப். ஃபாஸ்ட்லி கிடையாது. உண்ணாவிரதத்துக்கும் ஃபாஸ்ட்தான், அது நவுன். சொல்லை மட்டும் பார்த்தால் தெரியாது, பக்கத்தில் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று பார்.

மாமா: ஹார்ட்லி இருக்கிறதே?

சித்தி: இருக்கிறது, ஆனால் வேறு பொருள். 'ஹி வொர்க்ஸ் ஹார்ட்' என்றால் கடுமையாக உழைக்கிறான். 'ஹி ஹார்ட்லி வொர்க்ஸ்' என்றால் வேலையே செய்வதில்லை என்கிற மாதிரி.

அக்கா: கவினுக்கு இரண்டாவதுதான்.

கவின்: 😒 சித்தி, இதைப் பாருங்கள். அவள் அழகாக இருக்கிறாள், 'ஷி இஸ் பியூட்டிஃபுல்லி'. சரிதானே?

சித்தி: இங்கேதான் தமிழ் நம் காலை வாரிவிடும். 'அழகாக' என்று சொன்னாலும் அழகு அவளுக்குத்தான், 'இருப்பதற்கு' இல்லை. அதனால் 'ஷி இஸ் பியூட்டிஃபுல்'. பாடினால் 'ஷி சிங்ஸ் பியூட்டிஃபுல்லி', அழகு பாடுவதில் இருக்கிறது.

கவின்: 'ஷி லுக்ஸ்' வந்தால்?

சித்தி: லுக்ஸை எடுத்துவிட்டு 'இஸ்' போட்டுப் பார். 'ஷி லுக்ஸ் டயர்ட்', 'ஷி இஸ் டயர்ட்'. வாக்கியம் நிற்கிறதா, அப்போது அட்ஜெக்டிவ். ஸீம், ஃபீல், ஸ்மெல் எல்லாம் இப்படித்தான். பூ 'ஸ்மெல்ஸ் ஸ்வீட்', ஸ்வீட்லி இல்லை.

மாமா: ஐயோ, நான் இத்தனை வருடமாக மன்னிப்புக் கேட்கும் மெயிலில் எல்லாம் 'ஐ ஃபீல் பேட்லி' என்றுதான் எழுதுகிறேன்.

சித்தி: 'பேட்' போதும் அண்ணா.

கவின்: 'ஸ்கூல் பஸ்' என்பதில் ஸ்கூல் அட்ஜெக்டிவா?

சித்தி: நவுன்தான், அட்ஜெக்டிவ் வேலை பார்க்கிறது. 'வெரி பிக் பஸ்' வரும், 'வெரி ஸ்கூல் பஸ்' வருமா?

அக்கா: போதும், போய்ப் படு. ஸ்லீப் வெல்.

கவின்: வெல், அட்வெர்ப்!

மாமா: 'ஐ ஆம் வெல்' என்றால்?

கவின்: 'ஆம்', 'இஸ்' எல்லாம் ஒரே குடும்பம். அட்ஜெக்டிவ்.

சித்தி: போனை வை.