2022–23 இலங்கைச் சரிவு: மந்தநிலையா, பெருமந்தமா?

காலாண்டுக் கணக்கன்:
இலங்கையின் 2022–23 சரிவை இனிப் ‘பெருமந்தம்’ என்றே எழுதவேண்டும், ‘மந்தநிலை’ என்பது நடந்ததைச் சிறுமைப்படுத்துகிறது என்று கரையூர்க் கணக்கப்பிள்ளை நேற்று இங்கே எழுதியிருந்தார். அவருடைய கோபம் எனக்கு விளங்குகிறது. ஆனால் கோபத்தை வைத்துப் பெயர் சூட்ட முடியாது. திருத்திய கணக்கின்படி மொத்த உள்நாட்டு உற்பத்தி 2022இல் 7.3 சதவீதமும் 2023இல் 2.3 சதவீதமும் சுருங்கியது. இரண்டும் சேர்ந்து 9.4 சதவீதம். 2023இன் மூன்றாம் காலாண்டிலேயே வளர்ச்சி திரும்பிவிட்டது. 2024இல் அது 5 சதவீதம். இதை 1929–33 அமெரிக்காவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: உற்பத்தியில் கால் பங்குக்கு மேல் போயிற்று, உழைப்பாளரில் நால்வரில் ஒருவருக்கு வேலையில்லை, ஆயிரக்கணக்கான வங்கிகள் மூடப்பட்டன. கிரேக்கமும் 2008க்குப் பின் தன் உற்பத்தியில் ஏறத்தாழ கால் பங்கை இழந்தது. 2013இல் அங்கே வேலையின்மை 27 சதவீதம். இலங்கையில் 2022இன் வேலையின்மை 4.7 சதவீதம், ஒரு வணிக வங்கியும் விழவில்லை. கடுமையான மந்தநிலை என்று சொல்லுங்கள், மறுக்கமாட்டேன். அதற்கு மேலே போக எண்கள் இடங்கொடுக்கவில்லை.

கரையூர்க் கணக்கப்பிள்ளை:
ஐயா, அந்த 4.7 சதவீதத்திலிருந்தே தொடங்குகிறேன். நான் கணக்கெழுதும் கடற்றொழிலாளர் சங்கத்தில் 2022 ஆனி, ஆடி மாதங்களுக்குரிய பேரேட்டுப் பக்கங்களில் எரிபொருள் நிரல் பெரும்பாலும் வெறுமையாகவே கிடக்கிறது; மண்ணெண்ணெய் வரவில்லை, படகுகள் கரையில் கிடந்தன. ஆவணி மாதம் அரசு மண்ணெண்ணெய் விலையை லீற்றருக்கு 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக உயர்த்தியது. ஒரு நாள் தொழிலுக்கு 25 லீற்றர் எரிக்கும் இயந்திரப் படகுக்காரர் 2,175 ரூபாய் கொடுத்த இடத்தில் 8,500 ரூபாய் கொடுக்கவேண்டியதாயிற்று. பலர் ஒருநாள் விட்டு ஒருநாள் கடலுக்குப் போனார்கள். சிலர் இரண்டு வீட்டார் சேர்ந்து ஒரு படகில் போனார்கள். இவர்களில் ஒருவரையேனும் கணக்கெடுப்பு வேலையற்றவர் என்று எழுதியிராது, ஏனெனில் வாரத்தில் ஒரு மணித்தியாலம் உழைத்தாலும் அவர் வேலையுள்ளவர். வேலையின்மைக் கொடுப்பனவு என்ற ஒன்றே இல்லாத நாட்டில் ஏழைக்கு வேலையற்று வீட்டிலிருக்கும் வசதி கிடையாது. அரை வயிற்றுக்கேனும் எதையாவது செய்துகொண்டுதான் இருப்பான். அதே ஆண்டில் 3 லட்சத்துக்கு மேற்பட்டோர் வெளிநாட்டு வேலைக்குப் புறப்பட்டுப் போனதையும் இந்த 4.7 காட்டாது.

உலக வங்கியின் மதிப்பீட்டில் 2021இல் 13 சதவீதமாக இருந்த வறுமை 2022இல் 25 சதவீதமாயிற்று. ஒரே ஆண்டில் ஏழைகளின் தொகை ஏறக்குறைய இரட்டிப்பான ஒரு நாட்டுக்கு ‘மந்தநிலை’ என்ற சொல் போதுமென்று எந்தப் பேரேட்டைப் பார்த்துச் சொல்கிறீர்கள்?

பொருளியல் ஆசிரியை:
இருவரும் இல்லாத ஒரு சட்டத்தை வைத்து வழக்காடுகிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அமெரிக்காவில் மந்தநிலை எப்போது தொடங்கி எப்போது முடிந்தது என்று அறிவிக்கும் தேசியப் பொருளாதார ஆய்வு நிறுவனம்கூடப் பெருமந்தத்துக்குத் தனியாக ஒரு வரையறை வைத்திருக்கவில்லை. பத்து சதவீத வீழ்ச்சி, அல்லது மூன்று ஆண்டுச் சுருக்கம் இருந்தால் பெருமந்தம் என்பதெல்லாம் எழுதி எழுதி வழக்கமானவை.

1930களுக்கு முன்னர் பெரிய சரிவு எதையும் ஆங்கிலத்தில் டிப்ரெஷன் (நாம் பெருமந்தம் என்பது) என்றே சொன்னார்கள். 1873இல் தொடங்கிய சரிவு 65 மாதங்கள் நீடித்தது. 1929இன் சரிவு 43 மாதங்கள்தான். பின்னதன் ஆழம் அந்தச் சொல்லையே தனக்கென எடுத்துக்கொண்டது. பிறகு வந்த ஆட்சியாளர்களுக்கு மென்மையான வேறு சொல் தேவைப்பட, ரிசெஷன் (நம் மந்தநிலை) புழக்கத்துக்கு வந்தது. 1978இல் ஜனாதிபதி கார்ட்டரின் பணவீக்க ஆலோசகர் ஆல்ஃபிரட் கான், டிப்ரெஷன் என்று வாய்விட்டதற்காகக் கண்டிக்கப்பட்டபின் அந்த இடத்தில் ‘வாழைப்பழம்’ என்று சொல்லத் தொடங்கினார். சொல்லுக்கு அரசுகள் எவ்வளவு அஞ்சும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நம் மொழியில் சிக்கல் இன்னும் கூடுதல். வளர்ச்சி 6இலிருந்து 4 சதவீதத்துக்கு இறங்கினாலும் பத்திரிகைகள் மந்தம் என்கின்றன; உற்பத்தி சுருங்கினாலும் மந்தம்; 1930களும் மந்தம். மாணவர்களிடம் நான் கேட்பதுண்டு: வயிறு மந்தமாக இருப்பதும் பட்டினி கிடப்பதும் ஒன்றா? அந்த 1930களில் தேயிலையும் இறப்பரும் விலை வீழ்ந்தபோது மலையகத் தோட்டங்களிலிருந்து தொழிலாளர்கள் பெருந்தொகையாகத் தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அதற்கும் நம்மிடம் இருந்த சொல் மந்தம்தான்.

காலாண்டுக் கணக்கன்:
கணக்கப்பிள்ளை சொன்னதை ஏற்கிறேன், 4.7 சதவீதத்தை நான் சான்றாகக் காட்டியது பலவீனமான வாதம், அதைத் திரும்பப் பெறுகிறேன். வரையறை இல்லை என்று ஆசிரியை சொன்னதும் உண்மை. ஆனால் வரையறை இல்லாத இடத்தில்தான் அளவீட்டில் கூடுதல் கவனம் வேண்டும். ‘ஆறு காலாண்டுகள் தொடர்ச்சியாக விழுந்தோம்’ என்று பலர் எழுதுகிறார்கள். வெளியான எண்கள் ஒவ்வொன்றும் முந்திய ஆண்டின் அதே காலாண்டோடு ஒப்பிட்டவை. 2023 முதற் காலாண்டின் 11.5 சதவீதச் சுருக்கம் அந்த மூன்று மாதங்களில் நேர்ந்த வீழ்ச்சியன்று. 2022இன் தொடக்கத்தில், டொலர் முற்றாக வற்றுவதற்கு முன், நாடு நின்ற உயரத்திலிருந்து அளந்தது. பள்ளத்தில் அசையாமல் நின்றவனையும் அந்த அளவுகோல் ‘விழுகிறான்’ என்றே காட்டும். தொடர்ந்து இரண்டு காலாண்டுகள் சுருங்கினால் மந்தநிலை என்னும் விதி, பருவத்துக்குப் பருவம் வழக்கமாக வரும் ஏற்ற இறக்கத்தை நீக்கி அடுத்தடுத்த காலாண்டுகளை ஒப்பிடுவதற்காக ஏற்பட்டது.

நோயின் தன்மையும் வேறு. 1930களில் அமெரிக்காவில் வாங்க ஆளில்லாமல் விலைகள் சரிந்தன. இங்கே 2022 செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 69.8 சதவீதம். வாங்க ஆளிருந்தும் இறக்குமதி செய்ய அந்நியச் செலாவணி இல்லை. ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திய நாட்டின் நெருக்கடி அது.

தெருமுனை வாசகன்:
நோயின் தன்மை வேறு என்பதால் காய்ச்சலின் அளவு குறைந்துவிடுமா? வங்கி விழவில்லை என்கிறீர்கள். நிலையான வைப்பில் 10 லட்சம் போட்டிருந்த ஓய்வூதியருக்கு வங்கி விழாமலே பணத்தின் பெறுமதியில் பெரும் பகுதி போய்விட்டது.

கரையூர்க் கணக்கப்பிள்ளை:
காலாண்டு ஒப்பீட்டில் கணக்கன் ஐயா சொன்னது சரி; நானும் அந்தப் பிழையை விட்டிருக்கிறேன். அப்படியானால் வீதங்களை விட்டுவிட்டு மட்டத்தைப் பார்ப்போம். 2018இன் உற்பத்தியை 100 என்று வையுங்கள். 2019இல் 0.2 குறைவு, 2020இல் 4.6 குறைவு, 2021இல் 4.2 கூடுதல், பின்னர் தாங்கள் தந்த 7.3உம் 2.3உம். பெருக்கிப் பார்த்தால் 2023இல் 90க்குச் சற்றுக் கீழே நிற்கிறோம். 5 சதவீத வளர்ச்சி என்று கொண்டாடப்பட்ட 2024இன் முடிவிலும் 94தான் வருகிறது. ஆறு ஆண்டுகள் கழித்தும் புறப்பட்ட படிக்கு ஏறிவராத பொருளாதாரம் இது. 2021ஐத் தொடக்கமாக வைத்தால் 9.4, 2018ஐ வைத்தால் 10க்கு மேல். தாங்கள் மறுக்கும் பெயர் தொடக்க ஆண்டைத் தெரிவதில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது.

காலாண்டுக் கணக்கன்:
பெருக்கல் சரியே. என் மறுப்பு இரண்டு அதிர்ச்சிகளை ஒன்றாக்குவதில். 2020இன் இறக்கம் பெருந்தொற்றால் வந்தது, உலகம் முழுவதும் விழுந்தது; 2022 நாமே வரவழைத்துக்கொண்டது.

பொருளியல் ஆசிரியை:
அவ்வளவு தெளிவாகப் பிரிக்க முடியுமா? 2019 இறுதியில் வரிகளைக் குறைத்த அரசு, தொற்று வந்து சுற்றுலா நின்றபோது கையில் ஒன்றுமில்லாமல் நின்றது. 2021இல் இரசாயன உரத்தைத் தடைசெய்து நெல்லையும் கெடுத்தது. ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்த அடிகள் இவை. பின்லாந்தும் 1990களின் தொடக்கத்தில் சோவியத் வர்த்தகத்தை இழந்தது, வங்கி நெருக்கடியில் சிக்கியது, நாணய மதிப்பையும் இழந்தது. உற்பத்தியில் போனது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். ஆயினும் அதைப் பெருமந்தம் என்று எழுதப் பொருளியலாளர் பலர் தயங்கவில்லை.

காலாண்டுக் கணக்கன்:
பின்லாந்தின் வேலையின்மை 3 சதவீதத்திலிருந்து 16க்கு மேல் ஏறியது. ஆயினும் வேலையின்மை வாதத்தை நானே கைவிட்டேன் என்பதால் அதை இங்கே மீண்டும் எடுக்க எனக்கு உரிமையில்லை. 2018–2023 காலத்தை ஒரே தொடராக எடுப்பவர் பெருமந்தம் என்று எழுதலாம், தொடக்க ஆண்டையும் பக்கத்திலேயே எழுதவேண்டும் என்ற நிபந்தனையோடு. 2022–23ஐ மட்டும் தனியாக எடுத்தால் நான் இன்னும் மந்தநிலை என்றே எழுதுவேன். கணக்கப்பிள்ளை அவர்களே, உங்கள் எரிபொருள் நிரலை 2018இலிருந்து மாதவாரியாக இங்கே இட முடியுமா?

கரையூர்க் கணக்கப்பிள்ளை:
2019க்குரிய பேரேடு மழையில் நனைந்து சில பக்கங்கள் ஒட்டிக்கிடக்கின்றன. மற்றவற்றை ஞாயிற்றுக்கிழமை தட்டெழுதி இடுகிறேன்.