முழங்கை முறிவுக்குப் பின் இயன்முறை சிகிச்சை: எங்கள் அனுபவங்கள்

ஓய்வுபெற்ற ஆசிரியை, தஞ்சாவூர்:

மார்கழியில் ஒரு விடியற்காலை வாசல் தெளித்துவிட்டுத் திரும்பும்போது ஈரப் படியில் கால் வழுக்கியது. விழாமலிருக்க வலது கையை ஊன்றியதில், முழங்கையில் ஆரை எலும்பின் (முன்கையில் கட்டைவிரல் பக்கமாக உள்ள எலும்பு) தலைப்பகுதி விரிசல் கண்டது. எலும்பு விலகவில்லை என்பதால் அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை. கழுத்திலிருந்து தொங்கும் துணித் தொட்டிலில் கையைத் தாங்கவைத்து, ஒரு வாரத்திலேயே மெல்ல அசைக்கத் தொடங்கும்படி மருத்துவர் தெளிவாகச் சொன்னார். எலும்பு கூடும்வரை அசைக்காமலிருப்பதே நல்லது என்று நம்பிய நான், ஐந்து வாரங்கள் தொட்டிலைக் கழற்றவே இல்லை. அதற்காக இன்றும் வருந்துகிறேன்.

பிசியோதெரபிஸ்ட் கோணம் அளந்து பார்த்தபோது, கை நேராக நீண்டிருப்பதைச் சுழியமாகக் கொண்டால், என் கை 55 டிகிரியிலிருந்து 95 டிகிரி வரை மட்டுமே மடங்கியது. அன்றாட வேலைகளில் பெரும்பாலானவற்றுக்கு 30 முதல் 130 டிகிரி வரை மடங்கவும், உள்ளங்கை மேல்நோக்கியும் கீழ்நோக்கியும் 50 டிகிரி வீதம் திரும்பவும் வேண்டும் என்றார். முழங்கையில் மூன்று மூட்டுகள் ஒரே உறைக்குள் அடங்கியிருப்பதால், அடிபட்டு வீங்கியபின் அசைவில்லாமல் விட்டால் அந்த உறை தடித்துச் சுருங்கி, மூட்டு முழுவதையும் இறுக்கிவிடுகிறது என்பதையும் அவர்தான் புரியவைத்தார்.

வீட்டில் பெரியவர்கள் எண்ணெய் தேய்த்து உருவிவிடச் சொன்னார்கள். அதை அவர் கண்டிப்பாகத் தடுத்தார். முழங்கையின் முன்புறத் தசை மூட்டு உறையின் மேலேயே படிந்திருக்கிறது. அடிபட்ட நிலையில் அதை அழுத்தி உருவினாலோ, கையை வலுவாக இழுத்து நீட்டினாலோ, தசைக்குள்ளேயே புதிதாக எலும்பு வளர்ந்து மூட்டு நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளக்கூடும் என்றார். பிறர் வளைக்கக் கூடாது, என் தசையின் முயற்சியால்தான் கை வளைய வேண்டும் என்பதை இதைப் படிப்பவர்கள் தயவுசெய்து மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பத்து நிமிடம் வெந்நீர் ஒத்தடம் கொடுத்துவிட்டு, மல்லாந்து படுத்துக் கையைத் தலையணைமேல் வைத்து, முடிந்தவரை மடக்கிப் பத்து எண்ணும்வரை நிறுத்தி, அதேபோல நீட்ட வேண்டும். பிறகு முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, ஒரு கரண்டியை நிமிர்த்திப் பிடித்து இருபுறமும் திருப்ப வேண்டும். இதை நாளுக்கு நான்கு முறை செய்தேன். மறுநாள் காலைவரை வலியோ வீக்கமோ நீடித்தால் அளவு மீறியதாகக் கொண்டு குறைத்துக்கொண்டேன்.

சிகிச்சை தொடங்கிய ஏழாம் வாரத்தில், தோளைச் சாய்க்காமல் உள்ளங்கையைக் குழித்துக் கோயிலில் தீர்த்தம் வாங்கினேன், கண்ணீர் வந்துவிட்டது. தோட்டைத் திருகவும் பின்னல் போடவும் மேலும் ஒரு மாதமாயிற்று. கையை முழுதாக நீட்டுவதில் இன்னும் 15 டிகிரி குறைகிறது. மடக்குவதைவிட நீட்டுவதுதான் கடைசியாகத் திரும்பும் என்பதால் பயிற்சியை நிறுத்தவில்லை.

தச்சர், நாகர்கோவில்:

எனக்கு முறிவு இல்லை. இழைப்புளி தள்ளியும் திருப்புளி முறுக்கியும் முழங்கையின் வெளிப்புறத்தில் வந்த வலி, டென்னிஸ் எல்போ என்றார்கள். தண்ணீர்ச் சொம்பைக்கூடத் தூக்க முடியவில்லை. ஸ்டீராய்டு ஊசி போட்டதும் ஒரே வாரத்தில் வலி போயிற்று. ஒத்துக்கொண்ட வேலையை எல்லாம் செய்தேன். மூன்றே மாதத்தில் முன்னைவிடக் கடுமையாகத் திரும்பியது. 2006-இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்விலும், ஊசி முதல் ஆறு வாரங்களில் நன்கு கேட்டாலும், பிறகு பலருக்கு வலி மீண்டு வந்ததாகத் தெரிந்தது என்று பிசியோதெரபிஸ்ட் விளக்கினார். முன்கையை மேசைமேல் வைத்து, மணிக்கட்டை விளிம்புக்கு வெளியே விட்டு, அரைக் கிலோ எடையை மறுகையால் உயர்த்திவிட்டு, நோயுற்ற கையால் மிக மெதுவாக இறக்கச் சொன்னார். இறக்குவதில்தான் பலன் இருக்கிறதாம். பன்னிரண்டு வாரங்கள் விடாமல் செய்தேன். திருப்புளியின் பிடியில் சைக்கிள் டியூபைச் சுற்றித் தடிப்பாக்கியதும், பொருள்களை உள்ளங்கை மேல்நோக்கியிருக்கத் தூக்கப் பழகியதும் பெரிதும் உதவின.

ஆறு வயதுச் சிறுவனின் தாய், ஈரோடு:

ஆசிரியை அம்மா எழுதியதைப் படித்ததும் எழுதத் தோன்றியது. கொய்யா மரத்திலிருந்து விழுந்த என் மகனுக்கு, முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிந்து கம்பி செலுத்தினார்கள். நான்கு வாரத்தில் கம்பியை எடுத்தபின், கை நீளவில்லையே என்ற பயத்தில் தினமும் மாலையில் நானே பிடித்து நீட்டினேன்; குழந்தை அலறுவான். மருத்துவமனையில் அதை உடனே நிறுத்தச் சொன்னார்கள். குழந்தைகளுக்கு விளையாட்டே போதிய பயிற்சி என்றார்கள். பந்து வீசவும் வாளித் தண்ணீரில் அளையவும் விட்டேன். மூன்று மாதத்தில் கை ஏறக்குறைய முழுதும் நீண்டது.

மாவுக்கட்டு போட்ட முதல் இரண்டு நாள் விரல்களைக் கவனியுங்கள். அவை வெளிறினாலோ, சில்லிட்டாலோ, விரலை லேசாக நீட்டினாலே தாங்க முடியாமல் வலித்தாலோ, விடியும்வரை காத்திருக்காமல் அந்த நேரமே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.