புறவுரு: எக்ஸ்டர்னல் ரெப்ரசென்டேஷனுக்கு ஒரு சொல்

> புறப் பிரதிநிதித்துவம் என்றே வைத்துக்கொள்ளலாமே?

ஐயா, வணக்கம். எக்ஸ்டர்னல் ரெப்ரசென்டேஷன் என்பது நாம் யோசிக்கும்போது மனத்துக்கு வெளியே, தாளிலோ திரையிலோ வைத்துக்கொள்ளும் படம், பட்டியல், சமன்பாடு போன்றவை. கலைச்சொல் பட்டியலில் அதற்குப் 'புறப் பிரதிநிதித்துவம்' போதுமே என்கிறீர்கள். படித்ததும் சட்டமன்றம் நினைவுக்கு வருகிறது என்பதை விடுங்கள். எனக்கு இடறுவது பொருள்தான். பிரதிநிதி என்றால் அவரை அனுப்பியவர் முன்பே இருக்க வேண்டும். மனத்தில் முடிந்துபோன ஒன்றுக்குப் பதிலாகத் தாளில் ஒரு படம் வந்து நிற்கிறது என்று ஆகிவிடும். வடிவமைப்பு அப்படி நடப்பதில்லையே.

ஆம்பூரில் (2019 முதல் திருப்பத்தூர் மாவட்டம், எங்கள் வாயில் இன்னும் வட ஆற்காடு) என் மாமா ஷூ பேட்டர்ன் (தோலை வெட்டுவதற்கான அளவு அட்டை) போடுகிறார். லாஸ்ட் என்னும் கால் அச்சு முழுக்க டேப் ஒட்டி, அதன்மேல் பென்சிலால் கோடு இழுப்பார். திருப்பிப் பார்ப்பார், அழிப்பார், இரண்டு மில்லிமீட்டர் தள்ளி மறுபடி இழுப்பார். அப்புறம் டேப்பைக் கீறி உரித்து அட்டையில் தட்டையாக ஒட்டுவார். அதிலிருந்துதான் பேட்டர்ன். "மனசுல என்ன டிசைன் மாமா வெச்சிருந்தீங்க?" என்று ஒருமுறை கேட்டேன். "போட்டுப் பாத்தாதான்டா தெரியும்" என்றார்.

மனம் எப்படிச் சிந்திக்கிறது என்று ஆராயும் டேவிட் கிர்ஷும் பால் மாக்லியோவும் 1994இல் டெட்ரிஸ் (மேலிருந்து விழும் கட்டைகளைப் பொருத்தி அடுக்கும் கணினி விளையாட்டு) ஆடுபவர்களைப் பற்றி எழுதியதும் கிட்டத்தட்ட இதுதான். கட்டை எங்கே பொருந்தும் என்று மனத்துக்குள் சுழற்றிப் பார்ப்பதைவிட, பொத்தானை அழுத்தித் திரையிலேயே சுழற்றிப் பார்ப்பது விரைவாக முடிகிறது.

வேறு சொற்களையும் பார்த்தேன். 'வெளிப்பாடு'ம் உள்ளே இருந்தது வெளியே வருவதாகவே சொல்கிறது. 'புறத்தீட்டு' அழகுதான், ஆனால் எங்கள் பாட்டி காதில் விழுந்தால் குளித்துவிட்டு வரச் சொல்வார்.

ஆகவே 'புறவுரு'. எங்கிருந்து வந்தது என்று சொல்லாமல், வெளியே ஒரு வடிவம் இருக்கிறது என்று மட்டும் சொல்கிறது.

> உரு என்றால் படம்தானே? பட்டியலும் சமன்பாடும் அடங்குமா?

அடங்கும். 'ஐ', 'கு' இவற்றை வேற்றுமை உருபு என்கிறோம், அவை படமா என்ன? உள்ளே இருப்பதற்கு 'அகவுரு'. மனப்பாடம் செய்வதை உருப்போடுதல் என்கிறோம் அல்லவா, அதனால் காதுக்கும் புதிதாக இராது.

இப்படி வெளியே வடிவம் கொடுக்கும் செயலுக்கான சொல்லில்தான் மாட்டிக்கொண்டேன். 'புறவுருவாக்கல்' என்றால் உள்ளே இருந்ததை வெளியே ஆக்குவது போல் ஆகி, பழைய பிரதிநிதி பின்வாசல் வழியாக வந்துவிடுகிறார். மாமா சொன்ன 'போட்டுப்பார்த்தல்' எனக்குப் போதும். கலைச்சொல் பட்டியலில் அதை ஏற்பீர்களா?

வேலூரிலிருந்து,
உங்கள் நண்பன்