கல்திட்டையைப் படமெடுத்து அளப்பது: உங்கள் அனுபவம் என்ன?

தாண்டிக்குடிப் பக்கம்:
பழனி மலைக் கல்திட்டைகள் (பலகைக்கற்களை நிறுத்தி மேலே மூடுகல் வைத்த பழங்கால ஈமச்சின்னங்கள்) பற்றிய ஆங்லேட், நியூட்டன் பாதிரியார்களின் பதிவு 1928-இல் வந்தது. இன்று அளக்கிற நாம், எந்தப் பலகைக்கல் எவ்வளவு சாய்கிறது என்று நாளை ஒருவர் ஒப்பிட்டுப் பார்க்கும்படி அளந்து வைக்க வேண்டும். பல படங்களை மென்பொருளில் சேர்த்து உருவாக்கும் முப்பரிமாண மாதிரி அழகாக வந்துவிட்டது என்பதற்காக அளவும் சரி என்று நம்பிவிடாதீர்கள். படங்களிலிருந்து மென்பொருளுக்கு வடிவம் மட்டுமே கிடைக்கும். அளவைக் கொடுப்பது நாம் கல்லருகே வைக்கும் அளவுகோல். 50 செ.மீ. கோலில் 1 மி.மீ. பிசகினால் 3 மீட்டர் மூடுகல்லில் 6 மி.மீ. பிசகும். ஆகவே 1 மீட்டர் கோல் மூன்று வையுங்கள், வெவ்வேறு திசையில், ஒன்று சற்று உயரத்தில். இரண்டின் நீளத்தை மட்டும் மென்பொருளுக்குக் கொடுத்துவிட்டு, மூன்றாவதை அதையே அளக்கச் சொல்லுங்கள். அங்கே வருகிற வித்தியாசம்தான் உங்கள் உண்மையான பிழை. மரக்கோல் ஈரத்தில் வளையும், வேண்டாம். அலுமினியம் வெயிலில் நீளுமே என்றால், 15 டிகிரி ஏறினாலும் மீட்டருக்கு 0.35 மி.மீ.தான்.

கோத்தகிரி:
மேகம் மூடிய வெளிச்சம் நிழல் விழாமல் அருமையாக இருக்கும். ஆனால் கல் நனைந்திருந்தால் எடுக்காதீர்கள். நாம் நகர நகரப் பளபளப்பும் நகரும். மென்பொருள் அதைக் கல்லிலுள்ள நிலையான புள்ளியென்று பிடித்துக்கொள்ளும். காற்றில் ஆடும் புல்லும் அப்படியே.

பலகைக்கல்லுக்கு நேர் எதிரே நின்று வரிசையாக மட்டும் எடுத்தால், தட்டைக்கல் கிண்ணம்போல் வளைந்து வரும். லென்ஸின் வளைவுப் பிழையை மென்பொருள் தவறாகக் கணிப்பதே காரணம். இடமும் வலமும் 20-30 டிகிரி சாய்த்து ஒரு சுற்று, கேமராவை 90 டிகிரி திருப்பிச் சில படங்கள் சேர்த்தால் சரியாகும். அடுத்தடுத்த படங்கள் 70-80 சதவீதம் ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். லென்ஸ் திறப்பை எஃப்/8-இல் வையுங்கள், ஃபோகஸைப் பூட்டுங்கள், கை ஆட்டத்தைச் சரிக்கட்டும் ஸ்டெபிலைசேஷனை அணையுங்கள். கேமரா சென்சாரில் 4 மைக்ரான் பிக்சல், 24 மி.மீ. லென்ஸ், 2 மீட்டர் தூரம் என்றால் ஒரு பிக்சல் கல்லில் 0.33 மி.மீ. மெல்லிய கீறல் வேண்டுமானால் இன்னும் நெருங்குங்கள்.

பண்ணைக்காடு:
போனில் எடுக்கலாமா அண்ணா?

கோத்தகிரி:
எடுக்கலாம் தம்பி. கிட்டே போனதும் அதுவாகவே வேறு லென்ஸுக்குத் தாவும், அதை நிறுத்திவிடு.

தாண்டிக்குடிப் பக்கம்:
உள்ளறைக்கு ஃபிளாஷ் வேண்டாம், கேமராவோடு நிழலும் நகரும். ஸ்டாண்டில் வைத்து, 2 நொடி டைமரில், நீண்ட எக்ஸ்போஷர். இடுதுளையின் (பலகைக்கல்லில் குடைந்த துளையின்) விளிம்பு வெளிப்படங்களிலும் உள்படங்களிலும் விழ வேண்டும். துளை வழியே கேமராவை ஒரு சாண் ஒரு சாணாக நகர்த்தி எடுங்கள், இல்லாவிட்டால் உள்ளும் வெளியும் இரண்டு தனி மாதிரிகளாகப் பிரிந்துவிடும்.