முதல் டென்ட் ராத்திரி: எங்கே போகலாம், எதை வாங்கலாம்?

வைகைக்கரை:
வணக்கம். நானும் மனைவியும் மதுரை. அக்டோபரில் நான்கு நாள் லீவு சேர்ந்து வருகிறது. பையை முதுகில் மாட்டி நடந்து, ஒரு ராத்திரியாவது டென்ட்டில் படுக்க வேண்டும் என்று ஆசை. கொடைக்கானலில் டால்பின்ஸ் நோஸ் வரை இறங்கி ஏறியதுதான் எங்கள் அதிகபட்ச மலையேற்றம். கடையில் விசாரித்தால் 65 லிட்டர் பை இரண்டு, டென்ட், அடுப்பு, ஸ்லீப்பிங் பேக் என்று நாற்பதாயிரத்துக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். "காசு கொடுத்துத் தரையில் படுக்கப் போறீங்களா?" என்று மாமியார் வேறு கேட்கிறார்.

எங்கே போவது, எதை வாங்குவது? இன்னொன்று, கனமானதை எல்லாம் நானே தூக்குகிறேன் என்றால் அவள் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறாள். பாதிப் பாதிதானாம். நான் 78 கிலோ, அவள் 52.

மலைத்தேன்:
டென்ட் என்றால் தமிழ்நாட்டுக் காட்டை மறந்துவிடுங்கள். 2018 மார்ச்சில் குரங்கணித் தீயில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்த பிறகு கெடுபிடி அதிகம், அது நியாயமும்கூட. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளை ஆன்லைன் முன்பதிவில் திறந்தார்கள். வழிகாட்டி கூடவே வருவார், பொழுது சாய்வதற்குள் இறக்கிவிடுவார். பழகிக்கொள்ள அது போதும். ராத்திரி தங்கியே ஆக வேண்டும் என்றால் மூணாறு பக்கம் மீசப்புலிமலை, 2,640 மீட்டர். கேரள வன வளர்ச்சிக் கழகமே டென்ட், சாப்பாடு, வழிகாட்டி எல்லாம் ஏற்பாடு செய்கிறது. போடிமெட்டு வழியாக ஏறினால் உங்களுக்குப் பக்கம்தான்.

நூல்கண்டு:
மீசப்புலிமலை நல்ல இடம்தான் தம்பி, ஆனால் அங்கே பைக்கு வேலையே இல்லை. ஜீப்பே டென்ட் பக்கம் கொண்டுபோய் விடும். நீங்கள் கேட்பது சுமந்து நடப்பது. அதனால் நான் திரியுண்ட் என்பேன். இமாச்சலத்தில் தரம்சாலாவுக்கு மேலே, உயரம் சுமார் 2,850 மீட்டர். டெல்லியிலிருந்து இரவுப் பேருந்தில் போய்ச் சேருங்கள். அன்றைக்கு மெக்லியோட் கஞ்சுக்குச் சற்று மேலே இருக்கும் தரம்கோட் கிராமத்தில் தங்கி நன்றாகத் தூங்குங்கள், மறுநாள் காலையில் ஏறுங்கள். மெக்லியோட் கஞ்சிலிருந்து ஏறத்தாழ 9 கிலோமீட்டர். கடைசி ஒரு கிலோமீட்டர் வளைந்து வளைந்து ஏறும், அங்கேதான் மூச்சு வாங்கும். ஏறி முடித்தால் தௌலாதார் மலை முகத்துக்கு நேரே நிற்கும். வழியில் டீக்கடை உண்டு, மேலே மேகியும் கிடைக்கும். கோவேறு கழுதையில் ஏறி வரும் சாமான் என்பதால் விலை அதிகம், பேரம் பேசாதீர்கள். அக்டோபரில் மழை ஓய்ந்து வானம் தெளிவாக இருக்கும், ஆனால் ராத்திரிக் குளிர் மதுரை உடம்புக்குப் பொல்லாதது. மேலே டென்ட் போட அனுமதி உண்டா என்பதைக் கிளம்பும் அன்று தரம்கோட்டில் கேட்டுக்கொள்ளுங்கள். வானிலை மோசமானால் பாதையையே மூடிவிடுவார்கள். அப்படியானால் போலீஸிடம் வாதாடாமல் கீழேயே தங்கிவிட வேண்டியதுதான்.

இப்போது சுமைக்கு வருகிறேன். பாதிப் பாதி என்பது கேட்க நன்றாக இருக்கும், ஏற்றத்தில் சரிவராது. முதல் தடவை போகிறவர்களுக்கு உடம்பு எடையில் நூற்றுக்குப் பதினைந்து போதும். அவளுக்கு எட்டு கிலோ, உங்களுக்குப் பன்னிரண்டு கிலோ கிட்டே. தண்ணீரும் இதில் அடக்கம், ஒரு லிட்டர் ஒரு கிலோ என்பது மறந்துபோகும். டென்ட் துணி உங்களிடம், கம்பியும் ஆணியும் அவளிடம். எல்லாவற்றையும் நீங்களே சுமந்தால் இரண்டாவது மணி நேரத்தில் முகம் தொங்கிவிடும், பிறகு பேச்செல்லாம் சண்டைதான். என் வீட்டுக்காரரை வைத்துச் சொல்கிறேன்.

பை வாங்கும்போது லிட்டரைப் பார்க்காதீர்கள், முதுகைப் பாருங்கள். தலையைக் குனிந்தால் கழுத்தடியில் ஓர் எலும்பு முட்டிக்கொண்டு நிற்கும். அங்கிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பு மட்டம் வரைக்கும் தையல் டேப் வைத்து அளந்து, அந்த அளவைக் கடையில் சொல்லுங்கள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொள்வது போல எடை இடுப்புப் பட்டையில் உட்கார வேண்டும், தோளில் தொங்கக் கூடாது. ஒரு ராத்திரிக்கு 40 லிட்டரே தாராளம். அறுபத்தைந்து வாங்கினால் அறுபத்தைந்தையும் நிரப்பத் தோன்றும், அது மனித குணம். பை, ஷூ இரண்டை மட்டும் வாங்குங்கள். டென்ட்டும் ஸ்லீப்பிங் பேக்கும் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். ஜிப் இரண்டு பக்கமும் ஓடுகிறதா என்று கடை வாசலிலேயே இழுத்துப் பாருங்கள். அடுப்பு வேண்டாம். கேஸ் டப்பாவை விமானத்தில் ஏற்றவே முடியாது. ஜீன்ஸும் வேண்டாம், நனைந்தால் காயாது.

ஷூவை இப்போதே வாங்கிப் போட்டுப் பழகுங்கள். ஞாயிறு விடியற்காலை அழகர்கோவிலிலிருந்து பழமுதிர்சோலை தாண்டி நூபுர கங்கை வரை ரோட்டிலேயே ஏறுங்கள். பைக்குள் தண்ணீர் பாட்டில்களை நிரப்பிக்கொண்டு ஏறி, மேலே போய்க் கொட்டிவிட்டு இறங்குங்கள், முட்டி தப்பிக்கும். கையில் எதையும் பிடித்துக்கொண்டு போகாதீர்கள், குரங்கு விடாது. குதிகாலில் எங்காவது சுரீர் என்றால் அந்த நிமிடமே நின்று டேப் ஒட்டுங்கள். கொப்புளம் வந்த பிறகு ஒட்டுவதில் பலனில்லை.

மலைத்தேன்:
அக்கா சொன்னதோடு ஒன்று. நடை வேகத்தை மெதுவாக நடப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும், அவர் முன்னால் போகட்டும்.

வைகைக்கரை:
அக்கா, இது அவர் மனைவி. எட்டு கிலோவுக்கு நான் சம்மதம், ஆனால் மெதுவாக நடப்பவர் அவர்தான். அப்புறம் ஒரு சந்தேகம். தேதி கணக்குப் பார்த்தால் பீரியட்ஸ் அந்த வாரம் வரும் போல இருக்கிறது. தள்ளிப்போட மாத்திரை எடுக்கலாமா, இல்லை பயணத்தையே தள்ளிவைக்கவா?

நூல்கண்டு:
மாத்திரை விஷயம் டாக்டரிடம் கேள்மா, பழக்கமில்லாததை மலைக்குப் போகும்போது ஆரம்பிக்காதே. அதற்காகப் பயணத்தைத் தள்ளிவைக்கவும் வேண்டாம். வழக்கமாக வலி எப்படி இருக்கும் என்று உனக்கே தெரியும். முதல் நாள் சுருண்டு படுத்துவிடுவாய் என்றால் மட்டும் ஒரு வாரம் மாற்றிப் போடு. இல்லையென்றால் உள்ளே தெரியாத ஜிப் கவர் இரண்டு, பழைய நாளிதழ் கொஞ்சம் எடுத்துக்கொள். பயன்படுத்திய நாப்கினை நாளிதழில் சுற்றி கவரில் போட்டுக் கீழே கொண்டுவந்துவிட வேண்டும். புதைத்தால் நாய் தோண்டிவிடும், எரித்தால் முழுதாக எரியாது. மற்றபடி ஒதுங்குவதற்குத் தண்ணீரை விட்டு அறுபது மீட்டராவது தள்ளிப் போய் ஒரு சாண் ஆழம் குழி தோண்டிக்கொள். சின்னக் கொத்துக் கரண்டியை அவர் பையில் வை, உன் எட்டு கிலோவில் சேர்க்காதே.

பவர் பேங்க் விமானத்தில் கைப்பையில்தான் இருக்க வேண்டும். டெல்லி பஸ்ஸில் முன் சீட்டாகப் பார்த்து எடுங்கள். விடியும்போது கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கும், பின் சீட்டில் இருந்தால் குமட்டும்.